திராட்சரசம் குடிக்க வந்தவர்கள்

தென்காசி முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே போனது. அந்தக் காலத்தில் மொட்டையாக நின்ற கோபுரம் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அப்புறம் அதுவும் சாரலில் மறைந்துவிட்டது. நான் குற்றாலம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன்.

கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு வேட்டி, ஒரு சட்டை. தலையில் துண்டு. குடை கிடையாது... இருந்திருந்தாலும் மேல்காற்று பிடுங்கியிருக்கும்.

தென்காசியில் ஒரு கிளப்புக்கடையில் ரசம் வைக்கிற ஆளாக இருந்தேன். சாம்பாருக்கு ஓர் ஆள், இட்லிக்கு ஓர் ஆள், ரசத்துக்கு நான். முதலாளி கடையை மச்சானிடம் ஒப்படைத்தார். மச்சான் தன் ஊர் ஆட்களைக் கூட்டிவந்தார். நான் வெளியே வந்தேன். இதில் யார்மேல் கோபப்படுவது? முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை. அதுவும் எனக்குப் புதிதில்லை. ஆறாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பசியை விட்டதில்லை!

குற்றாலத்தில் சீசன். எங்காவது ஓர் அடுப்படியில் ஆள் தேவைப்படும். அந்த நம்பிக்கையில்தான் நடை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

போன வாரம் நண்பர் ஒருவர் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு என்னை இழுத்துப் போனார். வாசலிலேயே பேனர் — உணவும் ஒயினும் என்று. உள்ளே நல்ல கூட்டம். எல்லோருக்கும் ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் குச்சியில் குத்திய பன்னீர்த் துண்டு. பாதிப் பேர் கிளாஸை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்துப் பார்த்து முகர்ந்தார்கள். நண்பர் என் காதில் கேட்டார்: "இதையெல்லாம் கடையிலேயே வாங்கலாம். வீட்டிலேயே குடிக்கலாம். எதுக்கு இத்தனை பேர் கோட்டை மாட்டிக்கிட்டு இங்கே வர்றாங்க?"

எனக்குப் பதில் தெரியும். ஐம்பதுகளிலேயே தெரிந்துகொண்டது. ஆனால் ஓட்டலில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

குற்றாலம் பஜாரில் ஒரு டீக்கடை. உள்ளே நுழைந்து கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, அடுப்படி வேலை ஏதும் உண்டுமா? ரசம் வைப்பேன்."

கடைக்காரர் நிமிரவில்லை. பெஞ்சின் மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி ஒட்ட வாரிய தலை. பெயர் சாலமோன் என்று பிறகு தெரிந்தது. மலை எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் பட்லராக இருந்தவர். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரசமா சொன்னே?"

"ஆமா, அண்ணாச்சி."

குரலைத் தாழ்த்தினார். "திராட்சரசம்?"

மிளகு ரசம் தெரியும். பருப்பு ரசம், எலுமிச்சை ரசம், மாங்காய் ரசம் எல்லாம் வைத்திருக்கிறேன். திராட்சரசம் வைத்ததில்லை. ஆனால் எலுமிச்சையில் வைக்கலாம், மாங்காயில் வைக்கலாம் என்றால் திராட்சையில் ஏன் வைக்க முடியாது? அதுவும் புளிப்புதானே? பெரிய இடத்து ரசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்த ரசமானாலும் வைப்பேன், அண்ணாச்சி" என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கோயிலுக்குப் போகிறவனுக்கு ரசம் என்றால் சோற்றில் ஊற்றுவது. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்குத் திராட்சரசம் என்றால் ஒயின். அவர்கள் வேதப் புஸ்தகத்தில் அந்தச் சொல்தான். எனக்கு இது தெரியாது. ஒரே சொல் — அவர் மனதில் பீப்பாய், என் மனதில் ஈயச்சொம்பு.

அப்போது நம் பக்கத்தில் மதுவிலக்கு. செங்கோட்டை இன்னும் மலையாளச் சர்க்காரோடு இருந்த சமயம். அந்தப் பக்கம் போனால் எல்லாம் கிடைக்கும். இந்தப் பக்கம் கொண்டுவருவதுதான் கஷ்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேளுங்கள்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடியுமாலே?"

"நாளைக்கா? அரை மணி நேரம் போதும்."

"அரை மணி நேரத்துலயா!" அவருக்குக் கண் விரிந்தது. "சரக்கு எங்கன இருக்கு?"

"சரக்குக்கு என்ன பஞ்சம்? இந்தா எதுத்த கடையிலயே தொங்குதே!"

எதிரே பலசரக்குக் கடை. நான் சொன்னது மிளகு, சீரகம், பூண்டு. சாலமோன் அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் தொடையில் ஓர் அடி வைத்தார்.

"ஏலே, மெதுவாப் பேசு! போலீஸ்காரன் நிக்கான். திராட்சை வேணுமா?"

"கறுப்புத் திராட்சைன்னா நல்லது. மத்த சரக்கு ஒண்ணுரெண்டு நானே வாங்கிக்கிடுதேன்."

"குடிச்சா எப்படி இருக்கும்?"

"மூக்குத் திறக்கும். நெத்தி வேர்க்கும். சாப்பிட்டுட்டுப் படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும்."

"அது போதும்லே ராசா" என்று எழுந்தார். எனக்கு ஒரு டீ, இரண்டு வடை வாங்கிக் கொடுத்தார். இப்படி மரியாதையாக யாரும் என்னை வேலைக்குக் கூப்பிட்டதில்லை.

ஐந்தருவி ரோட்டில் ஒரு வாடகை பங்களா. சாலமோனின் அக்காள் புருஷர் ஞானமுத்து ஐயா சீசனுக்காக எடுத்திருந்தார். மலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மெலிந்த ஆள். மழையிலும் கோட்டுப் போட்டிருந்தார். சாலமோன் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். ஐயா திரும்பிப் பார்த்து என்னை மேலும் கீழுமாக அளந்தார். "பாத்தா ஒண்ணும் தெரியாத பய மாதிரி இருக்கான்" என்றார். "அப்படித்தான் இருப்பானுவ" என்றார் சாலமோன்.

அன்று சாயங்காலம் விறகு அடுக்கும்போது சாலமோன் விஷயத்தைச் சொன்னார்.

ஞானமுத்து ஐயா ஒவ்வொரு சீசனிலும் ஊர்ப் பெரியவர்களை வீட்டுக்கு அழைப்பார். இலஞ்சிப் பண்ணையார் வருவார். கடையத்து சுபேதார் வருவார். இன்னும் நாலைந்து பெரிய வீட்டு ஆட்கள் வருவார்கள். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அரசியல் பேசுவார்கள். இலை போட்டாச்சு என்று சொன்னதும் ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஒருவருக்கு விரதம். ஒருவர் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தார். உரிக்காத வாழைப்பழம் ஒன்று, வெற்றிலை பாக்கு — இதோடு சரி. அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்.

ஏன்? சாதிதான். வேறென்ன?

"போன வருசம் அக்கா ஆக்கிவச்சதை அப்படியே பக்கத்துச் சத்திரத்துக்குக் குடுத்தோம்" என்றார் சாலமோன். "அத்தானுக்கு அதை நெனச்சா இப்பவும் தூக்கம் வரமாட்டேங்கு. அதான் இந்த வருசம் ஒரு யோசனை பண்ணினாரு. துரைமாரு பண்ணுவானுவளே... சாப்பாட்டுக்கு முன்ன ஒயின். அது சாப்பாடு இல்லலா? பாட்டில்ல வாறது. அதுக்குத் தீட்டு கிடையாது. அதுக்குன்னா வருவானுவ. ரெண்டு கிளாஸ் உள்ள போச்சுன்னா இலையில உக்காந்துருவானுவன்னு அத்தான் கணக்கு."

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒயின் மட்டும் வரவில்லை. கொண்டுவர வேண்டிய ஆள், செக்போஸ்டில் மூட்டையைக் குத்திப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பயந்து மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலேயே இறங்கிவிட்டானாம்.

"இப்ப நீதான்லே" என்றார் சாலமோன்.

ஒயினுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஒயின் இல்லாத குறையை நல்ல ரசத்தை வைத்துச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள் — நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அதில் என்ன தவறு? மலைச்சாரலில் அருவியில் நனைந்து வருகிறவனுக்கு ஒயினைவிட ரசம்தானே முக்கியம்?

மறுநாள் அடுப்படியைப் பார்த்தேன். எல்லாம் புதுப் பாத்திரம். வந்தவர்கள் ஒரு சாக்குச் சொல்லக்கூடாது என்று ஞானமுத்து ஐயாவின் மனைவி எஸ்தரம்மா புதிதாக வாங்கியது. மீன், கறி, முட்டை எதுவும் அன்றைக்கு அந்த வீட்டுக்குள் வரவில்லை. தேங்காய்ப்பால் எடுத்துச் சொதி வைத்திருந்தார். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குக் கறி, பருப்பு, நெய். திருநெல்வேலிப் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் எப்படியோ அப்படி. அவர்களுடைய சாப்பாட்டையே அவர்களுக்குச் சமைத்துவிட்டு, அதையும் சாப்பிடாமல் போய்விடுவார்களோ என்று அந்த அம்மா வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் தெரியாமப் பண்ணுலே" என்று சாலமோன் என்னைப் பின்பக்கத்துச் சாய்ப்புக் கொட்டகை அடுப்புக்கு அனுப்பினார். ஒரு கூடை கறுப்புத் திராட்சையும் வந்தது.

நான் வேலையில் இறங்கினேன். திராட்சையைக் கசக்கிப் பிழிந்து சாறெடுத்தேன். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டேன். இனிப்பு தூக்கலாக இருந்தது; கொஞ்சம் புளி கரைத்து விட்டு அதை அடக்கினேன். நுரை கட்டும்போது இறக்கி, நெய்யில் கடுகும் மிளகாய் வற்றலும் கறிவேப்பிலையும் தாளித்தேன். நல்ல கருஞ்சிவப்பு நிறம். அப்படி ஒரு நிறத்தில் ரசத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வாசனை பிடித்துக்கொண்டு எஸ்தரம்மா வந்தார். "இது என்னது, ராசா?"

"திராட்சரசம்மா."

பானைக்குள் எட்டிப் பார்த்தார். சிரித்துவிட்டார். "இதுவா? அவுக வேற என்னமோல்லா பேசிக்கிட்டிருந்தாக... நான் நேத்து ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணினேன். நல்ல புத்தி வந்துட்டு!" கரண்டியிலிருந்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "ஒரு கை உப்பு குறையுது" என்று அவரே போட்டார். கிளறி, மறுபடியும் பார்த்தார். "இப்ப சரி."

இப்படியாக அந்த வீட்டில் நான்கு பேருக்கு நான்கு நினைப்பு. ஞானமுத்து ஐயா ஒயின் தயார் என்று நினைத்தார். சாலமோன், பையன் எங்கோ ஒளித்து வைத்திருக்கிற சரக்கில் திராட்சையைப் பிழிந்து கலக்கப்போகிறான் என்று நினைத்தார். எஸ்தரம்மா தன் ஜெபம் பலித்ததென்று நினைத்தார். நான் என் ரசத்தை நினைத்தேன்.

மத்தியானம் வந்தார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு நேராக வந்தார்கள். தலை ஈரம் காயவில்லை. எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்தில் குளித்தவர்களுக்குத் தெரியும் — வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டிவிட்ட மாதிரி இருக்கும். பல் கிட்டிக்கும். இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

போன வருடத்தைவிடக் கூட்டம் அதிகமாம். ஒயின் என்ற பேச்சுக்கு அவ்வளவு இழுப்பு. வராந்தாவில் மேஜைமேல் நீளக் கால் வைத்த கண்ணாடிக் கிளாஸ்கள் வரிசையாக நின்றன. ஒருவர் ஒரு கிளாஸைத் தூக்கித் திருப்பிப் பார்த்து வைத்தார். பண்ணையார் நடுநாற்காலியில். பட்டை விபூதி, தடித்த உடம்பு, காதில் கடுக்கன். உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்:

"ஞானமுத்து, சாப்பாடு கீப்பாடுன்னு சிரமப்படாதீரும். எனக்கு வயிறு சரியில்ல."

"அருவியில மட்டும் அம்புட்டு நேரம் நின்னீரேவே?" என்றார் சுபேதார். பட்டாளத்தில் பர்மா வரை போனவர். பெரிய மீசை. யார் வீட்டிலும் சாப்பிடுகிறவர். ஆனால் பண்ணையார் எழுந்தால் அவரும் எழுந்துபோகிறவர். அதுவும் ஒரு வியாதி.

"வெளிய தண்ணி பட்டா நல்லது. உள்ளதான் ஆகாது" என்றார் பண்ணையார். எல்லோரும் சிரித்தார்கள். ஞானமுத்து ஐயாவும் சிரித்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அவர் கை கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

அப்புறம் அவர் எழுந்து நின்று, துரைமார் பங்களாவில் விருந்து எப்படி நடக்கும் என்று இரண்டு வார்த்தை சொன்னார். சாலமோனைப் பார்த்துத் தலையசைத்தார். சாலமோன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

ஆவி பறக்கும் பித்தளைப் பானையோடு நான் வராந்தாவுக்கு வந்தேன்.

சாலமோன் அண்ணாச்சியின் முகம்... எப்படிச் சொல்ல? பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல் கேட்டார். "ஏலே, என்னலே இது?"

"திராட்சரசம், அண்ணாச்சி."

"இது ரசம்லே!"

"ஆமா. அதைத்தான நானும் சொல்லுதேன்."

திருப்பிக் கொண்டுபோக முடியாது. எல்லோரும் பானையைப் பார்த்துவிட்டார்கள். சாலமோன் இருபது வருடம் துரைகளைச் சமாளித்தவர். கண்ணாடிக் கிளாஸ் சூடு தாங்காது என்று ஒரே நொடியில் கணித்து, உள்ளேயிருந்து வெள்ளி டம்ளர்களைக் கொண்டுவந்து ஊற்றினார்.

பண்ணையார் டம்ளருக்குள் பார்த்தார். "சூடா இருக்கு?"

"வெள்ளைக்காரன் குளிருக்குச் சுட வச்சும் குடிப்பான்" என்றார் சுபேதார். விவரம் தெரிந்தவர்.

"கறிவேப்பிலை மிதக்கே?"

"மலையாளத்துச் சரக்குலா... கறிவேப்பிலை இல்லாமலா?"

பண்ணையார் பிறர் வீட்டில் எதையும் வாய் வைத்துக் குடிக்கிறவர் இல்லை. அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறவர். ஆனால் கொதிக்கிற ரசத்தை அண்ணாந்து ஊற்ற முடியுமா? தொண்டை வெந்துவிடும். குளிரோ உடம்பை உலுக்குகிறது. ஒரு நிமிஷம் யோசித்தார். டம்ளரை உதட்டில் வைத்தார். உறிஞ்சினார்.

இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு வாய் குடித்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"இது... ரசம்லா!"

ஞானமுத்து ஐயா என்னைப் பார்த்தார், சாலமோனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. ஒயின் இல்லை. ஏமாற்றிவிட்டான் என்று சொல்லுவார்கள். ஒயின் என்று கூப்பிட்டு ரசம் ஊற்றினான் என்று சீசன் முடியும்வரை அருவிக்கரையில் சிரிப்பார்கள்.

ஆனால் பண்ணையாரின் கவலை ஒயின் இல்லை. ரசம் என்றால் அடுப்பில் வைத்தது. அடுப்பில் வைத்தது என்றால் சமையல். சமையல் என்றால்... அந்த வீட்டில் அவர் கை நனைத்தாகிவிட்டது. கைகூட இல்லை, வாயே நனைந்துவிட்டது!

டம்ளரைக் கீழே வைக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"ஆரு வச்சது? நீயா?"

"ஆமாங்கய்யா."

"எந்த ஊரு உனக்கு? ஆரு மகன் நீ?"

அந்தக் கேள்விக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். என் அப்பா பெயரையும் தெருப் பெயரையும் நான் சொல்லியிருந்தால் போதும், பண்ணையார் முகம் தெளிந்திருக்கும். அவர் குடிக்கத் தக்க கைதான் என் கை. 'நம்ம பய வச்ச ரசம்' என்று சிரித்து, டம்ளரை வைத்துவிட்டு, வெற்றிலையை வாங்கிக்கொண்டு கௌரவமாகக் கிளம்பியிருப்பார். எனக்கும் அவர் வீட்டில் ஒரு வேலை நிச்சயம்.

உள்ளே இலைகள் போட்டிருந்தன. சொதி ஆறிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் எஸ்தரம்மாவின் சேலைத் தலைப்பு தெரிந்தது.

நான் சொன்னேன்: "இந்த வீட்டு அடுப்புல வச்சதுய்யா. எஸ்தரம்மாதான் உப்புப் பாத்தாவ."

யாரோ "அடேயப்பா" என்றார்கள். சாலமோன் என் காலை மிதித்தார். நல்ல மிதி.

பண்ணையார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனதில் என்ன ஓடியது என்று நான் கதை கட்டப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வெளியே சாரல், உள்ளே பசி, கையில் பாதி ரசம். அவர் மீதியைக் குடித்தார். ஒரே மூச்சில். கறிவேப்பிலையை மட்டும் ஒதுக்கினார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார். டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

"என்னவே, வயிறு சரியில்லன்னீரு?" என்றார் சுபேதார்.

"இப்பதான்வே சரியாச்சு. ஞானமுத்து, இலையைப் போட்டு எம்புட்டு நேரம் காக்க வைப்பீரு?"

இரண்டு பேர் மட்டும் எழுந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்கள். அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது. மழையில் நனைந்துகொண்டே போனார்கள். மற்றவர்கள் பண்ணையாருக்குப் பின்னாலேயே உள்ளே போனார்கள் — எழுந்துபோவதிலும் அவர்தான் முதல், உட்காருவதிலும் அவர்தான் முதல் என்று ஆகிவிட்டதே!

நான் பரிமாறினேன். சொதியை மட்டும் எஸ்தரம்மாவே ஊற்றினார். பண்ணையார் பிசைந்து ஒரு கவளம் உண்டார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுச் சொதி மாதிரி இல்ல இது" என்றார்.

எஸ்தரம்மாவின் கரண்டி அப்படியே நின்றது.

"இது ஒரு படி மேல. எங்க வீட்டுல போய்ச் சொல்லிராதீங்க, பொழைக்க முடியாது!"

பந்தி கலகலத்தது. ஞானமுத்து ஐயா உட்காரவே இல்லை. இலைக்கு இலை நடந்துகொண்டிருந்தார். காலியான இலையைக் கண்டால் பானையை நோக்கிக் கையைக் காட்டினார். மோர்ச் சோறு வரும்வரை அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அப்புறம் சொன்னது ஒரே வார்த்தை: "போதுமா?" யாரும் போதும் என்று சொல்லவில்லை. நான் எத்தனையோ பந்தியில் பரிமாறியிருக்கிறேன். ஒரு மனுஷன் தன் வீட்டில் நாலு பேர் சாப்பிடுவதை அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்த்து நான் கண்டதில்லை. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ரசத்துக்காக மட்டும் இல்லை.

பிறகு நாங்கள் சாப்பிட்டோம். ஐயா, அம்மா, சாலமோன், நான். ஒரே வரிசையில் நாலு இலை. சாலமோன் ஒவ்வொரு வாய்க்கும் என்னைப் பார்த்து, "எந்த ரசமும் வைப்பானாம்லா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திராட்சரசம் என்றால் என்ன என்று அந்த இலையில் வைத்துத்தான் எனக்கு விளக்கினார்கள்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஏன் இத்தனை பேர் விருந்துக்குப் போகிறார்கள்?

சாப்பிடுவதற்கு இல்லை, ஐயா. சாப்பாடு எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. குடிப்பதற்கும் இல்லை. யாரோடு உட்கார்ந்தோம் என்று சொல்லிக்கொள்ளப் போகிறோம். சிலர், யாரோடு உட்காரவில்லை என்று காட்டிக்கொள்ளவும் போகிறார்கள். இலஞ்சிப் பண்ணையார் அத்தனை வருடமாக ஞானமுத்து ஐயா வீட்டுக்கு வந்தது அதற்குத்தான் — வந்து, உட்கார்ந்து, சாப்பிடாமல் போவதற்கு. கூப்பிடுகிறவனோ, இந்தத் தடவையாவது உட்காருவார்களா என்று இலையைப் போட்டுவைத்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஓட்டலில் கிளாஸை முகர்ந்தவர்களும் ஒருவரை ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளாஸுக்குள் என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். அதில் மிளகு ரசம்கூட இருக்கலாம்!

பண்ணையார் அன்றோடு மாறிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். வீட்டுக்குப் போய்த் தலை முழுகினாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. சாப்பிட்டார். அது எனக்குத் தெரியும். ஊரும் பார்த்தது.

மறுநாள் விடிந்ததும் எஸ்தரம்மா சொன்னார். "சீசன் முடியுற மட்டும் இங்கனயே இரு, ராசா." இருந்திருக்கலாம்தான். ஆனால் ஓரிடத்தில் வயிறு நிறைந்துவிட்டால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். என் ஜாதகம் அப்படி. ஒரு பொட்டலம் சோறு கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வாசலில் இறங்கும்போது, இலஞ்சியிலிருந்து பண்ணையாரின் காரியஸ்தர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏப்பா, ரசம் வச்ச பய நீதானா? பண்ணையார் வீட்டு அடுப்படிக்கு உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. நல்ல இடம், விட்டுராத." கொஞ்சம் தயங்கினார். "ஆனா முதல்ல நீ என்ன ஆளுன்னு கேட்டுட்டுக் கூட்டியாரச் சொன்னாரு."

"ரசம் வைக்கிற ஆளுங்க" என்றேன்.

"அது தெரியும்ப்பா. அதில்ல..."

"எனக்கு அம்புட்டுதான் தெரியும், அண்ணாச்சி."

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் செங்கோட்டைப் பக்கம் நடந்தேன். அன்று காலையே அங்கே ஒரு மரக்கடையில் லாரிக்குத் தடி ஏற்றுகிற வேலையில் சேர்ந்தேன். மேஸ்திரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தூக்குவியாலே?"